பதினொன்றாம் நம்பர் கூண்டு

உங்கள் ஆபீஸில் ஏதோ ஒரு மூலையில், மேஜைக்கு அடியில், தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா? அதன் தலையில் ஒரு காகிதம் ஒட்டி, ‘தயவு செய்து ஆஃப் செய்யாதீர்கள்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறதா?

எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள். “தெரியாது சார், நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது” என்பார்கள். அது என்ன வேலை செய்கிறது? தெரியாது. ஆஃப் செய்தால் என்ன ஆகும்? அதுவும் தெரியாது. ஆனால் ஆஃப் செய்யும் தைரியம் மட்டும் எம்.டி. முதல் பியூன் வரை ஒருத்தருக்கும் கிடையாது. ஊர் எல்லையில் நிற்கிற காவல் தெய்வம் மாதிரி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு!

சிரிக்காதீர்கள். இந்தக் கட்டுரை அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றியதுதான். நடுவில் கொஞ்சம் இறால், ஒரு வாட்ச்மேன் அண்ணன், பாம்பன் பாலம், ஒரு ராக்கெட் எல்லாம் வரும். பி.காம். படித்தவன் எழுதுகிற கம்ப்யூட்டர் கட்டுரை அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

எழுதிப் பிழைக்க வருவதற்கு முன், மண்டபம் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் நான் அக்கவுண்டன்ட். கம்பெனி பெயர் வேண்டாம். முதலாளி இன்னமும் என்னை ரோட்டில் பார்த்தால் தலையாட்டுகிறார், அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

அக்கவுண்டன்ட் என்றால் சின்னக் கம்பெனியில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கும் நானே, பேங்கும் நானே, பிரின்ட்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பதும் நானே. “நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்” என்று ஒரு நாள் முதலாளி கோல்டு ஸ்டோரேஜ் ஸ்க்ரீனையும் என் தலையில் கட்டிவிட்டார்.

அந்த ஸ்க்ரீன் ரொம்ப அழகு. நடுவில் பெரிய வட்டம். உள்ளே உஷ்ண நிலை. மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் வட்டம் பச்சை. ஏறினால் மஞ்சள். ரொம்ப ஏறினால் சிவப்பு, கூடவே ‘பீப் பீப்’. வீட்டிலிருந்து செல்போனிலும் பார்த்துக்கொள்ளலாம். நான் படுத்துக்கொண்டே பார்ப்பேன். அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்தால் ஏதோ ஒரு பெரிய ஆலையையே நான்தான் ஓட்டுவது போல ஒரு மிதப்பு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும். வாட்ச்மேன் அண்ணன் போன் பண்ணினார். என்னைவிட இருபது வயது பெரியவர்.

“தம்பி, மெஷின் சத்தம் கேக்கலை.”

செல்போனைப் பார்த்தேன். பச்சை. மைனஸ் 18.2.

“கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும்ண்ணே. அப்படித்தான். போய் உக்காருங்க.”

மெஷின் ரூம் பூட்டியிருந்தது. சாவி மேனேஜர் வீட்டில். அண்ணன் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். பச்சை. மைனஸ் 18.2. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தேன். பச்சை. மைனஸ் 18.2. ராத்திரி ட்யூட்டிக்கு வந்த அண்ணன் மறுபடி போன். “இப்பவும் சத்தம் இல்லை தம்பி. எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு.”

டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். “அண்ணே, ஸ்க்ரீன் பொய் சொல்லுமா? வயசாச்சு, ஒரு தடவை காது டாக்டரைப் பாருங்க” என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தார்கள். நாற்றம் ஆபீஸ் வரைக்கும் வந்தது. தரையெல்லாம் தண்ணீர். பெட்டி பெட்டியாக இறால் போச்சு. என் ஸ்க்ரீனில் அப்போதும் பச்சை வட்டம், மைனஸ் 18.2!

முதலாளி கத்தினார். நான், “ஸ்க்ரீன்ல பச்சைதான் சார் இருந்துச்சு” என்றேன். அது உண்மை. அண்ணன் இரண்டு தடவை போன் பண்ணியதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னேன். அண்ணன் அங்கேதான் நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். எதுவும் பேசவில்லை. ‘ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கான்’ என்று முடிவு கட்டி, அந்த மாசச் சம்பளத்தையும் நிறுத்திவைத்து, அன்றைக்கு சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

* * *

அந்த வாரம் அக்காவும் மச்சானும் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தார்கள். மச்சானுக்குச் சென்னையில் ஐ.டி. கம்பெனி உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்டால், “கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்” என்பார். கல்யாணத்தில் பெண் வீட்டார் யாருக்கும் புரியவில்லை. ‘மேனேஜ்மென்ட்’ என்று வந்ததால் மேனேஜர் என்று சொல்லிச் சமாளித்தோம்.

பாம்பனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். மச்சான் ஒரு பழைய பில்லைத் திருப்பிப்போட்டுப் பேனாவை எடுத்தார்.

“மாப்ளே, ஒண்ணு ஒண்ணா சொல்லு. ஸ்க்ரீன் எதை நம்பி நிக்குது?”

“ஆபீஸ் கம்ப்யூட்டரை.”

ஒரு கட்டம், ஓர் அம்பு, இன்னொரு கட்டம். “அது?”

“கோல்டு ஸ்டோரேஜ்ல இருந்து வர்ற ஒயரை.”

“ஒயர் எங்கே போகுது?”

“அங்க சுவத்துல ஒரு சின்ன டப்பா. அதுதான் உஷ்ணத்தைப் படிச்சு அனுப்பும்.”

“டப்பாவுக்குக் கரண்ட் எங்கேருந்து?”

யோசித்தேன். “கோல்டு ஸ்டோரேஜ் போர்டுல இருந்து.”

“சரி. கம்ப்ரசருக்கு?”

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அதே போர்டு. அதே மெயின் ப்ரேக்கர். இரண்டு அம்புகளும் ஒரே கட்டத்தில் போய் முட்டின.

சனிக்கிழமை ராத்திரி அந்த ப்ரேக்கர் விழுந்திருக்கிறது. ஊரில் கரண்ட் இருந்ததால் ஜெனரேட்டரும் ஓடவில்லை. கம்ப்ரசர் நின்றது. அதே நொடியில், ‘நின்றுவிட்டது’ என்று சொல்லவேண்டிய டப்பாவும் செத்துவிட்டது. டப்பா கடைசியாகச் சொன்ன மைனஸ் 18.2-ஐப் பிடித்துக்கொண்டு என் ஸ்க்ரீன் முப்பது மணி நேரத்துக்கு மேல் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நெருப்பு பிடித்தால் கத்தவேண்டியவனை அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்த கதை.

“இன்னொண்ணு கவனிச்சியா மாப்ளே? ஒண்ணரை நாளா ஒரு புள்ளிகூட மாறாம 18.2. உசுரோட இருக்கிற மெஷின்ல நம்பர் ஆடிக்கிட்டே இருக்கும். அசையாம கிடந்தா அது பொணம்.”

டீ ஆறிப்போயிருந்தது.

* * *

மச்சானின் உத்தியோகம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

எந்த ஆபீஸிலும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்கும். கம்ப்யூட்டர் 8, பிரின்ட்டர் 2, நாற்காலி 14 (அதில் கால் உடைந்தது 3). என்ன இருக்கிறது என்று அது சொல்லும். எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லாது. கடன் வாங்கினவன் பெயர் மட்டும் எழுதி, ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் பெயரை எழுதாத நோட்டு மாதிரி. வசூலுக்குப் போகும்போதுதான் யார் தலை உருளும் என்று தெரியும்.

அந்த ஜாமீன் கணக்கையும் சேர்த்து எழுதுவதுதான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட். 1960-களில் அமெரிக்காவில் ராக்கெட், போர் விமானம் செய்தவர்கள் இதை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தார்கள். லட்சக்கணக்கான பாகங்களில் ஒன்றை மாற்றினால் வேறு எதெல்லாம் மாறவேண்டும் என்று தெரியாமல் ராக்கெட் விட முடியாதில்லையா? கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்கு அதை விதிமுறையாக எழுதிக் கொடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம், 1980-களின் கடைசியில். ஐ.டி.ஐ.எல். என்று பெயர். இன்றைக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் பலவற்றுக்கு வேதம் மாதிரி.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? ஆயிரம் வரி உள்ள பட்டியலை ராத்திரி இரண்டு மணிக்கு எவன் படிப்பான்? அதனால் படமாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு கட்டம். எதை நம்பி நிற்கிறதோ அதை நோக்கி ஓர் அம்பு. கட்டத்தின் நிறம் அதன் உடல்நிலை. பார்த்தவுடன், ‘இது விழுந்தால் இவையெல்லாம் விழும்’ என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். கட்டம் நூறைத் தாண்டினால் படம் இடியாப்பமாகிவிடும். எந்த இழை எங்கே போகிறது என்று பிரம்மாவுக்கே தெரியாது. “முழு இடியாப்பத்தையும் சுவத்துல மாட்டி வெச்சுக் கலெக்டர் வந்தா காட்டலாம். வேலைக்கு ஆகாது” என்றார் மச்சான். எது கெட்டுப்போயிருக்கிறதோ அதை மட்டும் நடுவில் வைத்து, அது நம்பி நிற்கிறவற்றைக் கீழேயும், அதை நம்பி நிற்கிறவற்றை மேலேயும் காட்டவேண்டும். மற்றதை எல்லாம் மறைத்துவிடவேண்டும்.

அடுத்தது, சொந்த வியாதியையும் வாங்கின வியாதியையும் பிரித்துக் காட்டுவது. ஒரு ஃப்யூஸ் போனால் நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்று கத்தும். நாற்பதும் ஒரே சிவப்பாக இருந்தால், நாற்பது இடத்துக்கும் ஓடவேண்டும். அடிப்படையில் கெட்டது ஒன்று சிவப்பாகவும், அதனால் படுத்துக்கிடப்பவை மஞ்சளாகவும் தெரிந்தால் நேராக ஃப்யூஸுக்குப் போகலாம்.

* * *

டீக்கடைக்கு எதிரே கடலில் பாலம் தெரிந்தது. மச்சான் அதைக் காட்டினார். “உங்க ஊர்ல இதெல்லாம் இருக்கு. நீ மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்து சொல்லணும்ங்கறே.”

உண்மைதான். பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ரயில் சிக்னலோடு இணைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்பு. டிரைவர் யாரையும் கேட்கவேண்டாம், ஸ்டேஷன் மாஸ்டர் யோசிக்கவேண்டாம். ‘ரயில் காற்றை நம்பி நிற்கிறது’ என்கிற அம்பு, படத்தில் இல்லை, ஒயரிலேயே இருக்கிறது.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தின் கடைசிக் காலத்தையும் அப்படி ஓர் எச்சரிக்கைதான் முடித்துவைத்தது. கப்பல் போவதற்காகத் திறக்கிற அந்தத் தூக்குப் பாலப் பகுதி, உப்புக் காற்றில் அரித்துப்போனது. சென்னை ஐ.ஐ.டி. அமைத்த கண்காணிப்புக் கருவிகள் அபாய எச்சரிக்கை கொடுத்ததும், 2022 டிசம்பர் 23 முதல் ரயில் நிறுத்தப்பட்டது. பாலம் இரண்டு கிலோமீட்டர் நீளம். கெட்டது அதில் ஒரு துண்டு. ஆனால் அந்தத் துண்டை நம்பி ரயில், ரயிலை நம்பி யாத்ரீகர், யாத்ரீகரை நம்பி லாட்ஜ், ஆட்டோ, சங்கு மாலை விற்கிறவர்... 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரம் வரவேண்டிய ரயில் ஜனங்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி ரோட்டு வழியாகத்தான் வந்தார்கள். அம்புகள் எவ்வளவு தூரம் போகும் என்று ராமேஸ்வரத்து ஆட்டோக்காரரைக் கேளுங்கள், மச்சானைவிட நன்றாகச் சொல்வார்.

சிவப்பு தெரிந்தால் நிறுத்தலாம். பச்சை தெரிந்தால் போகலாம். ஒன்றுமே தெரியாவிட்டால்?

1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை என்றும், காத்திருந்து பார்த்துவிட்டு டிரைவர் நீளமாக விசில் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்றும் இங்கே சொல்வார்கள். கடல் எழுந்து வந்தது. அந்த ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தனுஷ்கோடி என்கிற ஊரே போனது. அந்த இருட்டில், அந்த மழையில், பாவம் அவர் என்ன செய்திருக்க முடியும்? அவருக்கு முன்னால் இருந்தது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒரு விளக்கு அங்கே இல்லை.

* * *

இது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2017 பிப்ரவரி 28. உலகத்தில் ஏராளமான இணையதளங்களுக்குக் கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுகிற அமேசான் கம்பெனி. ஓர் ஊழியர் சில சர்வர்களை மட்டும் நிறுத்தக் கட்டளை கொடுக்கும்போது தப்பாகத் தட்டிவிட்டார். நினைத்ததைவிட ரொம்ப அதிகமான சர்வர்கள் நின்றன. அவர்களுடைய ‘எஸ்-3’ என்கிற கிடங்கை நம்பியிருந்த எத்தனையோ இணையதளங்கள் மணிக்கணக்கில் படுத்துவிட்டன.

வேடிக்கை அதில்லை. எந்தெந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று காட்ட அமேசான் ஒரு பலகை வைத்திருந்தது. அதில் நிலவரத்தை மாற்றப் போனால்... மாற்ற முடியவில்லை! ஏனென்றால் அந்தப் பலகையை மாற்றுகிற ஏற்பாடும் அதே எஸ்-3-ஐத்தான் நம்பியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ட்விட்டரில் நிலவரம் சொன்னார்கள். அமேசானே இதை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டது.

எங்கள் இறால் டப்பா கதைதான். என்ன, அமெரிக்காவில் நாற்றம் அடிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 ஜூலை 19-ம் தேதி உங்களுக்கே நினைவிருக்கும். ‘க்ரௌட்ஸ்ட்ரைக்’ என்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் ஒரு கோளாறான அப்டேட் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் விமானம் அந்தக் கம்பெனியை நம்பிப் பறக்கிறது என்று அதற்கு முதல் நாள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் என்று நோட்டில் எழுதாததன் பலன்.

* * *

“இதுக்கு என்ன மச்சான் வைத்தியம்?” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து பெஞ்சில் பீடி வலித்துக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் பெரியவர் சொன்னார். “பதினொண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தணும் தம்பி.”

இரண்டு பேரும் திரும்பினோம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். ‘ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது’ என்பார்கள். பகலில் கூம்பு, உருளை மாதிரி வடிவங்கள். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பகலில் வடிவத்தை வைத்தே சேதி சொல்கிறார்கள், கவனியுங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் நிறையப் பேர். வெறும் நிறத்தை மட்டும் நம்புகிற ஸ்க்ரீன்காரர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று என்றால் தூரத்துக் கடலில் காற்றழுத்தம், துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்திலேயே மோசமான வானிலை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பத்து என்றால் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலேயே, அல்லது ரொம்பப் பக்கத்திலேயே கடக்கும். பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும்? உலகம் அழியுமா?

இல்லை. பதினொன்றாம் எண் கூண்டுக்கு அர்த்தம், ‘வானிலை எச்சரிக்கை மையத்தோடு எங்களுக்குத் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது’. அவ்வளவுதான்!

யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய அனுபவசாலிகள் இந்த வரிசையைப் போட்டிருக்கவேண்டும். பெரும் அபாயத்துக்குப் பத்து. ‘ஒரு தகவலும் இல்லை’ என்பதற்கு அதற்கும் மேலே பதினொன்று. தகவல் வரவில்லை என்றால், ‘நேற்று நல்லாத்தானே இருந்தது’ என்று பழைய கூண்டையே தொங்கவிடக் கூடாது. தெரியாது என்பதைத் தெரியாது என்றே ஊருக்குச் சொல்லவேண்டும். அதுவும் உரக்க.

என் ஸ்க்ரீனில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று நிறம்தான் இருந்தது. பதினொன்றாம் நம்பர் இல்லை. பத்து நிமிஷம் டப்பாவிடமிருந்து பேச்சு இல்லை என்றால் வட்டம் சாம்பல் நிறமாகி, ‘கடைசியாகத் தகவல் வந்தது சனி இரவு 9.40’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் போதும். அண்ணன் சொன்னதை நான் நம்பியிருப்பேன்.

நம்பியிருப்பேனா? மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம். அதற்கும் வருகிறேன்.

* * *

திரும்பி வரும் வழியில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் போனோம். அக்காவின் பையன் ராக்கெட் மாடலைப் பார்த்துக் குதித்தான். மச்சான் ஒரு கதை சொன்னார். கலாம் அவர்களே பல மேடைகளில் சொன்ன கதைதான்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். பொறுப்பு நம் ராமேஸ்வரத்துக்காரர் தலையில். கிளம்பச் சில நிமிஷம் இருக்கும்போது எல்லாப் பாகங்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், ‘நிறுத்து’ என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, ‘கசிவு இருந்தாலும் போதுமான எரிபொருள் இருக்கிறது, போகலாம்’ என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவினார். முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்றைக்கு கம்ப்யூட்டர் சொன்னது சரி, மனிதர்கள் சொன்னது தப்பு. எங்கள் கோல்டு ஸ்டோரேஜில் கம்ப்யூட்டர் சொன்னது தப்பு, மனிதர் காதால் கேட்டுச் சொன்னது சரி. அப்படியென்றால் யாரை நம்புவது? ஒன்று சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் நம்பாதே, எழுந்து போய்ப் பார். அக்கவுண்ட்ஸில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பேங்க் பாஸ் புத்தகமும் நம் கேஷ் புக்கும் ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து ஒத்திப் பார். எனக்கு அதற்கு மார்க்கெல்லாம் வந்தது. வேலையில்தான் வரவில்லை.

மச்சான் மேலே சொன்னார். “ராக்கெட் விழுந்த அன்னைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் உக்காந்தது யார் தெரியுமா? இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பொறுப்பைத் தானே ஏத்துக்கிட்டார். அடுத்த வருஷம் ஜூலை 18-ம் தேதி ஜெயிச்சப்போ, ‘நீங்க போய்ப் பேசுங்க’ன்னு கலாமை அனுப்பினார்.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். அவர் ஒன்றும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

* * *

மறுநாள் அந்தப் பில் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். கட்டம், அம்பு எல்லாம் காட்டினேன். இரண்டு அம்பும் ஒரே ப்ரேக்கரில் முட்டுகிற இடத்தைக் காட்டினேன். அப்புறம் அண்ணன் இரண்டு தடவை போன் பண்ணியதையும், நான் காது டாக்டரைப் பார்க்கச் சொன்னதையும் சொன்னேன். என் செல்போனில் நேரத்தோடு இருந்தது.

முதலாளி ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்தார். “இதை நீ திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நிறுத்திவைத்த சம்பளத்தைக் கவரில் போட்டு என்னிடமே கொடுத்து அனுப்பினார். அண்ணன் அதற்குள் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் சேர்ந்திருந்தார். கவரை வாங்கிக்கொண்டார். திரும்ப வாங்கண்ணே என்றதற்கு, “இங்கேயே இருந்துக்கறேன் தம்பி. இங்க மெஷின் பக்கத்துலயே நாற்காலி போட்டிருக்காங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டப்பாவுக்குத் தனி லைன் இழுத்து, பேட்டரியும் வைத்தோம். ஸ்க்ரீனில் சாம்பல் நிறத்தைச் சேர்க்கச் செய்தோம். மூன்று மாதம் கழித்து நான் வேலையை விட்டேன். ‘அனுப்பினார்களா, நீயே விட்டாயா’ என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டம் சாம்பல் நிறத்திலேயே இருக்கட்டும்!

* * *

இந்த சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்கள். லட்ச ரூபாய் சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும்.

உங்கள் வேலையில் எது நின்றால் திங்கட்கிழமை ஊர் சிரிக்குமோ, அதை நடுவில் ஒரு கட்டமாகப் போடுங்கள். சம்பளப் பட்டியலோ, பில்லிங்கோ, எதுவோ. ‘இது எதை நம்பி நிற்கிறது?’ என்று கேட்டுக் கேட்டு அம்பு போட்டுக்கொண்டே கீழே போங்கள். ப்ளக் பாயின்ட் வரைக்கும் போங்கள். வழியில் மனிதர்கள் வந்தால் அவர்களையும் கட்டமாகப் போடுங்கள். பாஸ்வேர்ட் ஒரே ஒருத்தர் தலையில் மட்டும் இருந்தால், அவர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு அம்புகள் ஒரே இடத்தில் முட்டுகிறதா பாருங்கள். முக்கியமாக, காவல் காப்பதும் காக்கப்படுவதும் ஒரே இடத்தில் முட்டினால் அங்கே சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு நிலவரத்துக்கும் பக்கத்தில், ‘எப்போது தெரிந்தது’ என்று நேரம் எழுதுங்கள். நேரம் இல்லாத பச்சை, தேதி இல்லாத செக் மாதிரி. கடைசியாகத் தாளின் மூலையில் தேதி போடுங்கள். எதையாவது மாற்றினால் படத்தையும் திருத்துங்கள். வவுச்சர் இல்லாமல் செலவு கூடாது என்பது மாதிரி, படத்தைத் திருத்தாமல் ஒரு ஒயரைக்கூடப் பிடுங்கக் கூடாது.

அப்புறம், மேஜைக்கு அடியில் இருக்கிற காவல் தெய்வத்திடம் போங்கள். அதற்கும் ஒரு கட்டம் போட்டு, எதுவும் தெரியாவிட்டால் சாம்பல் நிறம் பூசுங்கள்.

ராத்திரி யாராவது போன் பண்ணி, “மெஷின் சத்தம் கேக்கலை தம்பி” என்றால் ஸ்க்ரீனைப் பார்க்காதீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.